எட்டு மில்லிமீட்டர் கட்டத்தில் ஓர் எக்ஸ்பிரஸ்

(பொறியியல் மாணவர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லெகோ கட்டைகளைக் கொண்டு நீராவி ரயில் எஞ்சினை வடிவமைப்பது எப்படி என்பது இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. மேடை போட்டுப் பேசும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் யாராவது நினைத்தால், அது நியாயமான கேள்விதான். கடையில் பெட்டி வாங்கி, உள்ளே இருக்கும் கையேட்டைப் பார்த்து அடுக்கினால் அது விளையாட்டு. கையேடு இல்லை, தண்டவாளத்தில் நிஜமாகவே ஓடிய ஓர் எஞ்சினின் அளவுகள் மட்டும் தாளில் இருக்கின்றன, அதைக் கட்டைகளால் எழுப்ப வேண்டும் என்றால் அது வடிவமைப்பு. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியதைச் சிறியதாக்குவது வெறும் வகுத்தல் கணக்கு. எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் வடிவமைப்பாளர் பிறக்கிறார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அந்தப் பட்டறைதான் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. இன்று நாம் கையில் எடுக்கும் கட்டையின் அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார் அவருடைய மகன் காட்ஃபிரட். அன்றைய கட்டையும் இன்றைய கட்டையும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். அதற்குக் காரணம் மாறாத மூன்று அளவுகள். மேலே துருத்தி நிற்கும் குமிழ்களுக்கு இடையே 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய துண்டை நாங்கள் தட்டு என்போம். அதன் உயரம் 3.2 மி.மீ. மூன்று தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டை.

இங்கே பாதிப் பேர் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் பார்த்து வளர்ந்தவர்கள். குமிழ்களின் கட்டம் அதே மாதிரிதான். புள்ளி வைத்த பிறகு கோடு நம் விருப்பத்துக்குப் போகாது. ஆனால் கோலத்தில் நேர்ப்புள்ளி தவிர இடைப்புள்ளியும் உண்டல்லவா? இரண்டு குமிழ் நீளமுள்ள தட்டின் நட்டநடுவே ஒற்றைக் குமிழ் வைத்த ஒரு துண்டு லெகோவில் இருக்கிறது. ஜம்பர் தட்டு என்பார்கள். அதை வைத்தால் அடுத்த வரிசை அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ., நகர்ந்து உட்காரும். வடிவமைப்பாளரின் சுதந்திரம் பெரும்பாலும் அந்த 4 மி.மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

லெகோ நிறுவனம் 1966-இல் முதல் மின்சார ரயிலை வெளியிட்டது. 4.5 வோல்ட் பேட்டரியில் ஓடியது. 1969-இல் 12 வோல்ட் வந்தது. 1991-இல் உலோகத் தண்டவாளம் வழியே மின்சாரம் எடுக்கும் 9 வோல்ட் ரயில் வந்தது. 2006-இல் ரிமோட்டில் இயங்கும் பேட்டரி ரயில். 2018 முதல் கைப்பேசியிலிருந்தே ஓட்டும் வசதி. மின்சாரம் வரும் வழி இத்தனை முறை மாறியும், இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் மாறவில்லை. அது சுமார் 37.5 மி.மீ. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகின்றன.

உதாரணத்துக்கு ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்'. இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையில் நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில் உருவாகி, 1923-இல் வெளிவந்தது. 1928 மே 1 அன்று லண்டனிலிருந்து எடின்பரோ வரை, 392 மைல், வழியில் எங்கும் நிற்காமல் ஓடியது. 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது. ஒரு நீராவி எஞ்சின் அந்த வேகத்தை எட்டியதாக அதிகாரபூர்வமாகப் பதிவானது அதுவே முதல் முறை. இன்று யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் புகழ் மட்டுமல்ல. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு பெரிய இயக்குச் சக்கரங்கள், பின்னால் இரண்டு என்ற அமைப்பு, நீண்ட கொதிகலன், கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் தனி டெண்டர். லெகோவில் வரக்கூடிய எல்லாத் தொல்லைகளும் இந்த ஒரே எஞ்சினில் கிடைக்கும்.

முதல் முடிவு, அளவு விகிதம். பிரிட்டனின் பாதை அகலம் 1435 மி.மீ. அதை 37.5-ஆல் வகுத்தால் 38 வருகிறது. அப்படியானால் விகிதம் ஒன்றுக்கு 38 என்று வைத்துக்கொள்ளலாமா? எஞ்சினின் அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர். லெகோ நிறுவனம் தன் ரயில்களை வழக்கமாக ஆறு குமிழ் அகலத்தில் செய்கிறது. அது 48 மி.மீ. அந்தக் கணக்கில் விகிதம் ஒன்றுக்கு 58. ஆர்வலர்கள் பலர் விரும்புவது எட்டுக் குமிழ், 64 மி.மீ. அதில் ஒன்றுக்கு 44. ஆக ஒரே எஞ்சினுக்கு மூன்று விடைகள். பள்ளிக் கணக்கில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. இங்கே மூன்றும் சரி. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் விளைவுகளை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நாம் எட்டுக் குமிழை, ஒன்றுக்கு 44-ஐ எடுப்போம். ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 37.5-ஐ 44-ஆல் பெருக்கினால் 1650. நம் நாட்டு அகலப் பாதை 1676 மி.மீ. அதாவது எட்டுக் குமிழ் அகலத்தில் கட்டிய பிரிட்டிஷ் எஞ்சின், தன் ஊர்ப் பாதையை விட்டுவிட்டு, கிட்டத்தட்ட நம் ஊர் அகலப் பாதையில் வந்து நிற்கிறது. மறுபக்கம், இந்திய எஞ்சின் செய்ய நினைப்பவர்களுக்கு இது அனுகூலம். 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்திறங்கிய டபிள்யூ.பி. வகை எஞ்சினைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டா போன்ற மூக்கும் அதன் நடுவே நட்சத்திரமுமாக நிலையத்துக்குள் வரும். பாதை அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் அதற்கு விகிதம் ஒன்றுக்கு 45. உடல் அகலம் ஏறத்தாழ 3.2 மீட்டர், அது 71 மி.மீ., ஒன்பது குமிழ். பாதையும் உடலும் ஒரே விகிதத்தில் அமைந்துவிடுகின்றன. ஒன்பது ஒற்றைப்படை எண் என்பதால் நடுக்கோட்டைப் பிடிக்க ஜம்பர் தட்டுகள் நிறைய வேண்டியிருக்கும், அவ்வளவே.

ஸ்காட்ஸ்மனுக்குத் திரும்புவோம். டெண்டரோடு சேர்த்து நீளம் 21.3 மீட்டர், மாதிரியில் 48 சென்டிமீட்டர், அறுபது குமிழ். உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். மாதிரியில் 28 தட்டுகள். இதுவரை சுகம். இனிமேல் சக்கரம்.

இயக்குச் சக்கரத்தின் விட்டம் 2032 மி.மீ. அந்த எஞ்சின் அவ்வளவு வேகமாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்: சக்கரம் பெரியது என்றால் பிஸ்டன் ஒரு முறை போய்வருவதற்குள் வண்டி அதிக தூரம் போகும். மாதிரியில் விட்டம் 46 மி.மீ. வர வேண்டும். லெகோ நிறுவனத்தின் பெரிய ரயில் சக்கரம், 2009-இல் 'எமரால்ட் நைட்' என்ற தொகுப்போடு வந்தது, 30 மி.மீட்டருக்குச் சற்று மேல். அதை 44-ஆல் பெருக்கினால் 1.3 மீட்டர் சொச்சம். அது சரக்கு வண்டி இழுக்கும் எஞ்சினின் சக்கரம். எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்கு அதை மாட்டினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்; என்னவென்று சொல்லத் தெரியாது. அதனால்தான் வேறு சிறு தயாரிப்பாளர்கள் லெகோ அச்சில் பொருந்தும் பெரிய சக்கரங்களைச் செய்து விற்கிறார்கள். அவற்றை வாங்கிப் பொருத்தும் ஆர்வலர்கள் உண்டு. அசல் லெகோ துண்டு தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று விரதம் இருப்பவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

பெரிய சக்கரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அசலில் அடுத்தடுத்த இயக்குச் சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 2210 மி.மீ. மாதிரியில் 50. சக்கரம் 46, இடைவெளி 50. மிஞ்சுவது 4 மி.மீ. தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஓர் எடுப்பான விளிம்பு உண்டு. அசலில் அது மிகச் சிறியது. பொம்மையில் தடிமனாக வைத்தால்தான் வண்டி தடம் புரளாமல் ஓடும். அந்த விளிம்பு இருக்கிற 4 மி.மீட்டரையும் தின்றுவிடும். தவிர, இடைவெளி முழுக் குமிழாக இருந்தால் கட்டுவது எளிது: ஆறு குமிழ் என்றால் 48, ஏழு என்றால் 56. ஆறில் விளிம்புகள் முட்டிக்கொள்ளும். ஏழில் எஞ்சின் நீண்டுவிடும். சக்கரத்தின் விட்டத்தைக் குறைப்பதா, எஞ்சினின் நீளத்தைக் கூட்டுவதா? இரண்டையும் காப்பாற்ற முடியாது. நான் தொடக்கத்தில் சொன்ன முடிவெடுக்கும் இடம் இதுதான்.

அடுத்தது வளைவு. லெகோவின் வளைவுத் தண்டவாளத்தில் பதினாறு துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். ஆரம் 40 குமிழ், 320 மி.மீ. நம் விகிதத்தில் அது 14 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸ் எஞ்சினும் அப்படிப்பட்ட வளைவில் திரும்பியிருக்காது. முதல் இயக்குச் சக்கரத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையே மாதிரியில் 100 மி.மீ. இந்த நீளத்தை 320 மி.மீ. ஆரமுள்ள வில்லின் மேல் நாணாக வைத்துப் பாருங்கள். நடுவில் விலகல் எவ்வளவு? நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வடிவியல்தான். விடை கிட்டத்தட்ட 4 மி.மீ. அரைக் குமிழ்! நடுச் சக்கரம் அந்த அளவு பக்கவாட்டில் நகர வேண்டும், அல்லது அதற்கு விளிம்பே இருக்கக் கூடாது. இரண்டாவது வழியைத்தான் பலரும் எடுக்கிறார்கள். 'எமரால்ட் நைட்' வந்தபோது விளிம்புள்ள சக்கரமும் விளிம்பில்லாத சக்கரமும் சேர்ந்தே வந்தன. நிஜ ரயில்வேயிலும் நீண்ட எஞ்சின்களில் நடுச் சக்கரத்தை விளிம்பில்லாமல் செய்தது உண்டு. ஆகவே இதைக் குறுக்குவழி என்று சொல்ல வேண்டாம். மரபு என்றே சொல்லலாம்.

வளைவு இன்னும் இரண்டு இடங்களில் வரி வசூலிக்கிறது. முன்பக்கத்து நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய போகி, வளைவில் இடமும் வலமும் திரும்பும். அதன் இருபுறமும் சிலிண்டர்கள். சக்கரம் சிலிண்டரில் இடிக்காமல் இருக்க சிலிண்டரைச் சற்று வெளியே தள்ள வேண்டும். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவிலும் இடைவெளி கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது இரண்டின் மூலைகளும் மோதிக்கொள்ளும். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கான மாதிரி என்றால் இந்த வரிகள் எதையும் கட்ட வேண்டாம். ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை முதல் நாளே தீர்மானிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நீராவி எஞ்சினின் உயிர் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் இருக்கிறது. அவை மேலும் கீழும் போய்வருவதைப் பார்க்கத்தானே சின்ன வயதில் பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு ஓடினோம்! இரு சிலிண்டர் எஞ்சினில் இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒரே நிலையில் இருக்காது. கால் சுற்று, 90 பாகை, வேறுபட்டிருக்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் தன் வீச்சின் கடைசிக்குப் போய், தள்ளும் சக்தி அற்று நிற்கும் கணத்தில், மறுபக்கத்துப் பிஸ்டன் முழு வலுவோடு தள்ள வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பணிமனைகளில் இந்த 90 பாகையைத் துல்லியமாக அமைக்கத் தனி இயந்திரங்கள் வைத்திருந்தார்கள். லெகோவில் அது தானாகவே கிடைக்கிறது. லெகோ அச்சின் குறுக்குவெட்டு கூட்டல் குறி வடிவம். சக்கரத்தை அதில் நான்கு நிலைகளில் மட்டுமே மாட்ட முடியும். ஒரு பக்கம் மாட்டிய பின் மறுபக்கச் சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட எஞ்சின் இங்கேயும் விடவில்லை. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனுக்கு மூன்று சிலிண்டர்கள். இரண்டு வெளியே, ஒன்று நடுவில் மறைவாக. மூன்றும் சுற்றைப் பங்கிட்டுக்கொள்வதால் அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 120 பாகை. கூட்டல் குறி அச்சு 90 தரும், 180 தரும்; 120 தராது. என்ன செய்யலாம்? 90-ஐ வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். ஒரே நேரத்தில் இரு பக்கத்தையும் யாராலும் பார்க்க முடியாது. இந்த விட்டுக்கொடுத்தலை எடுத்த எடுப்பிலேயே செய்துவிடலாம். கண்ணுக்கு இழப்பே இல்லை. எல்லா இழப்புகளும் சமமானவை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இப்போது கொதிகலன். சதுரக் கட்டையால் உருளை செய்ய வேண்டும். குமிழ்கள் எல்லாம் மேல்நோக்கியே இருந்தால் படிக்கட்டுதான் வரும், உருளை வராது. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகள் இதற்குக் கைகொடுக்கும். ஐந்து தட்டுகளின் உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மி.மீ. லெகோவில் நின்றவாக்கும் கிடந்தவாக்கும் சமாதானமாகும் எண் இது. இந்த அளவில் சதுரமான ஒரு நடுத்தண்டு கட்டி, மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசையிலும் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தால், நான்கு பக்கமும் வளைந்த துண்டுகளை ஒட்டி உருளையாக்கிவிடலாம். ஒவ்வொரு பக்கமும் நான்கு தட்டுக் கனம் வைத்தால் மொத்த விட்டம் 41.6 மி.மீ. அசல் கொதிகலன் முன்புறம் 1753 மி.மீ., பின்புறம் 1956; மாதிரியில் 40, 44. நம் 41.6 இரண்டுக்கும் நடுவில் வந்து விழுகிறது. முன்னால் மெலிந்து பின்னால் பருக்கும் அந்தச் சரிவை என்ன செய்வது? முழு நீளத்துக்கும் வெறும் அரைக் குமிழ் வித்தியாசம். சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். சிலர் கொதிகலனின் பின்பாதியில் மட்டும் ஒரு தட்டு கூட்டி, இரண்டும் சேரும் இடத்தை இரும்புப் பட்டை போலக் காட்டி மறைக்கிறார்கள். கிரெஸ்லி எஞ்சினின் அழகு அந்தச் சரிவில் இருக்கிறது என்று நம்புகிறவர் இரண்டாவது வழிக்குப் பாடுபடுவார்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய துண்டு வேண்டிய நிறத்தில் வார்க்கப்பட்டிருந்தால்தான் உண்டு. கறுப்பில் ஏறக்குறைய எல்லாத் துண்டுகளும் கிடைக்கும். ஸ்காட்ஸ்மனின் ஆப்பிள் பச்சைக்கு நேரான நிறம் லெகோவில் இல்லை. அடர்பச்சையோ, சாதாரணப் பச்சையோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் எஞ்சின் செய்பவர்கள் கறுப்பு எஞ்சினாகப் பார்த்து எடுங்கள்.

இயங்குவதற்கு மோட்டாரும் பேட்டரியும் எங்கே? பேட்டரிப் பெட்டிக்கு இயல்பான இடம் டெண்டர். நிஜ எஞ்சின் கரியும் தண்ணீரும் சுமந்த இடத்தில் பொம்மை பேட்டரியைச் சுமக்கிறது. எரிபொருள் மாறினாலும் அறை மாறவில்லை. மோட்டாரை டெண்டருக்கு அடியில் வைத்து எஞ்சினைத் தள்ளச் செய்வது சுலபம். ஆனால் அப்போது இயக்குச் சக்கரங்கள் தண்டவாளத்தின் உராய்வால் மட்டுமே சுழல வேண்டும். தண்டு கொஞ்சம் இறுகினாலும் அவை சுழலாமல் வழுக்கும். மோட்டாரைக் கொதிகலனுக்குள் வைத்துப் பல்சக்கரங்கள் வழியாக இயக்குச் சக்கரங்களைச் சுழற்றினால் நிஜம் போல இழுக்கும். அதற்கு எடை அந்தச் சக்கரங்களின் மேல் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் பிடிப்பில்லாதது என்பதால் சக்கரத்துக்கு ரப்பர் வளையம் போடுவார்கள்.

பெற்றோர்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? லெகோ விலை குறைந்த பொருள் இல்லை. ஆனால் வடிவமைக்கக் கட்டையே வேண்டாம். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1995-இல் எல்டிரா என்ற இலவச மென்பொருளை எழுதினார். லெகோ துண்டுகளைக் கணினித் திரையில் அடுக்கும் வசதி அது. 1997-இல் அவர் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து தன்னார்வலர்கள் துண்டுகளின் நூலகத்தை இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். குமிழ் இடைவெளி 20 அலகு, கட்டை உயரம் 24, தட்டு 8 என்று அவர் வகுத்த அளவுமுறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பின்னாளில் வந்த இலவச மென்பொருள்கள் பலவும் அந்த நூலகத்தைச் சார்ந்தே வளர்ந்தன. பழைய கணினியும் ஒரு குயர் கட்டத்தாளும் போதும். எஞ்சினைத் திரையில் முடித்துவிட்டு, பிறகு தேவையான துண்டுகளை மட்டும் தேடலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வடிவமைப்புப் பாடத்தில் பெரும்பாலும் உங்களிடம் கேட்பது, கொடுத்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றும் விடை. தொழிலுக்குப் போனால் எல்லாவற்றையும் நிறைவேற்றும் விடை இல்லாத கணக்குகளே வரும். எடை, விலை, வலிமை, காலம் எல்லாம் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அங்கே தேவைப்படுவது முன்னுரிமைப் பட்டியலை எழுதிவைத்து, கீழே இருப்பதை முதலில் பலிகொடுக்கும் துணிவு. லெகோ எஞ்சின் அந்தப் பயிற்சியை மேஜை மேல், யாருக்கும் நட்டமில்லாமல் தருகிறது.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை அருகே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். போகும்போது அளவு நாடாவும் நோட்டும் எடுத்துப் போங்கள். அங்கே நிற்கும் ஏதாவது ஒரு நீராவி எஞ்சினின் எதிரே இருபது அடி தள்ளி நின்று, இது இந்த எஞ்சின்தான் என்று அடையாளம் காட்டும் மூன்று அம்சங்களை முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு அனுமதி கேட்டுச் சக்கரத்தையும் இடைவெளிகளையும் அளந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து 37.5-இலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். எழுதிய மூன்றையும் கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் போனால் போகட்டும்.